கார்ட் பாதையில் பந்து: எந்தப் பக்கம் டிராப்?

பார்4_பாண்டி:
கோல்ஃப் மைதானத்தில் வண்டி போகும் சிமெண்ட் கார்ட் பாதை, அகலம் 2 மீட்டர். பந்து நட்டநடுவில். இடப்பக்கம் புதர், வலப்பக்கம் ஃபேர்வே (குட்டையாக வெட்டிவிட்ட புல்). வலது கை ஆட்டக்காரர், ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்). அபராதம் இல்லாமல் பந்தை எடுத்து ஃபேர்வே பக்கம் டிராப் பண்ணலாமா (கையிலிருந்து கீழே விடலாமா)?

ஏழாம்நம்பர்:
இந்தக் கணக்கில் முடியாது. விதி 16.1-ல் (பாதை போன்ற நகர்த்த முடியாத தடைகளுக்கானது) பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஹோலை நெருங்காமல், பந்து, கால், ஸ்விங் மூன்றுக்கும் பாதை குறுக்கே வராத மிகக் கிட்டத்து இடம் எதுவோ, அதுதான் நியரஸ்ட் பாயிண்ட்.

வலது கைக்காரர் பந்துக்கு இடப்புறம் நிற்பவர். இடப்பக்கம் போனால் பந்து சிமெண்டைத் தாண்டி, கிளப் (மட்டை) தலை உரசாத அளவு விலகினால் போதும்; 1 மீட்டருக்குச் சற்று மேல். வலப்பக்கம் என்றால் கால்களும் சிமெண்டைத் தாண்டியாக வேண்டும். பந்துக்கும் காலுக்கும் உள்ள இடைவெளி கூடச் சேர்ந்து ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். ஆக, புதர்தான். இடது கைக்காரருக்கு இதே பந்து ஃபேர்வேயில் போய் உட்காரும்!

கண்ணால் மதிப்பிடாதீர்கள். அந்த ஷாட்டுக்கு எடுக்கும் கிளப்போடு இரண்டு பக்கமும் நின்று பாருங்கள், டீ (பந்து வைக்கும் சிறு குச்சி) குத்துங்கள், அளந்துகொள்ளுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கிளப் நீளம் (பையில் புட்டர் தவிர்த்து நீளமானது, வழக்கமாக டிரைவர்), ஹோலுக்கு அருகே போகாமல். இதற்குள் முட்டி உயரத்திலிருந்து டிராப். அந்த ஒரு கிளப் நீளப் பகுதிக்கு வெளியே ஓடினால் இன்னொரு முறை. அதுவும் ஓடினால், இரண்டாவது டிராப் முதலில் தரை தொட்ட இடத்தில் வைக்க வேண்டும். பந்து நின்ற பிறகும் கால் சிமெண்டில் பட்டால் ரிலீஃப் (தடையிலிருந்து விலகுவது) முடியவில்லை.

தப்பான பக்கம் டிராப் செய்து அடித்தால் 2 ஸ்ட்ரோக் அபராதம்.

மார்க்கர்_மணி:
முக்கியமானது ஒன்று: எல்லாவற்றையும் பந்தைத் தொடுமுன் பாருங்கள். எடுத்த பிறகு “புதரா, வேண்டாம்” என்று திரும்பப் பாதையில் வைத்தால் 1 ஸ்ட்ரோக். எடுக்காமல் சிமெண்டிலிருந்தே அடிக்கலாம், கிளப்பின் அடிப்பாகம் கீறும், அவ்வளவுதான். புதரில் டிராப் செய்தபின் அடிக்க வழியில்லை என்றால் அன்பிளேயபிள் (ஆட முடியாத பந்து), 1 ஸ்ட்ரோக்.

பார்4_பாண்டி:
நன்றி. ரஃபில் (உயரமான புல்லில்) கிடக்கும் பந்துக்கு நியரஸ்ட் பாயிண்ட் ஃபேர்வேயில் வந்தால்? கிரீனுக்கு (ஹோல் இருக்கும் வழவழப்பான புல்தரை) வெளியே, பட் போடும் (உருட்டி அடிக்கும்) கோட்டில் ஸ்பிரிங்க்ளர் (நீர் தெளிப்பான்) தலை இருந்தால்?

ஏழாம்நம்பர்:
முதலாவது தாராளமாக. ரஃபும் ஃபேர்வேயும் விதிப்படி ஒரே பகுதி, ஜெனரல் ஏரியாதான். அதிர்ஷ்டம் என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: பந்து கிரீனில் இருந்தால் கோட்டில் குறுக்கிட்டாலே ரிலீஃப் உண்டு. பந்து கிரீனுக்கு வெளியே இருந்தால் கோட்டுக்காக இல்லை. கோல்ஃப் கிளப் நிர்வாகம் லோக்கல் ரூல் எஃப்-5 (அந்த மைதானத்துக்கான விதி) போட்டிருந்தால் மட்டும் கிடைக்கும்: ஸ்பிரிங்க்ளர் கிரீனிலிருந்து 2 கிளப் நீளத்துக்குள், பந்து ஸ்பிரிங்க்ளரிலிருந்து 2 கிளப் நீளத்துக்குள். ஸ்கோர் கார்டின் பின்பக்கம் பாருங்கள்.

மார்க்கர்_மணி:
எல்லை வேலிக்கும் எல்லைக் கல்லுக்கும் இந்த ரிலீஃப் எதுவும் கிடையாது. பெனால்டி ஏரியாவுக்குள் (குளம், ஓடை போன்றவை) கிடக்கும் பந்துக்கும் இல்லை.