மறு: கிளாக்கோமாவுக்குத் தமிழில் என்ன பெயர்? கூடவே அந்த லேசருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

பார்வை நரம்பு கெட்டுப் பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமாவுக்கு "கண் அழுத்த நோய்" என்றே இருக்கட்டும், பத்திரிகைகளில் புழங்கிவிட்டது, இனி எதற்குக் கைவைக்க வேண்டும் என்று இந்த இழையில் பலர் எழுதியிருக்கிறீர்கள். பழகிப்போன சொல்லைக் கலைக்கக்கூடாது என்பதுதான் பொதுவாக என் கட்சியும். ஆனால் இந்தச் சொல்லில் எனக்குச் சம்மதமில்லை. இலக்கணக் குற்றம் ஏதுமில்லை. இந்தப் பெயரைக் கேட்கிறவர் தனக்கு நோய் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார், அதுதான் சிக்கல்.

கண் முகாம்களில் காற்று ஊதும் மெஷின் பார்த்திருப்பீர்கள். தாடையை வைத்து உட்காரச் சொல்வார்கள், பொசுக்கென்று ஒரு ஊது, ஆள் திடுக்கிட்டுப் பின்னால் போவார், சீட்டில் 16 என்று எழுதிக் கொடுப்பார்கள். பத்திலிருந்து இருபத்தொன்று வரை சாதாரண அளவு என்று வைத்திருப்பதால் 16 என்றால் "பிரஷர் நார்மல்". வந்தவரும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார், நோயின் பெயரே அழுத்தம், அழுத்தம் இல்லை என்றால் நோயும் இல்லைதானே? ஆனால் 16இலும் பார்வை நரம்பு கெட்டுக்கொண்டிருக்கலாம். ஜப்பானில் தஜிமி என்ற ஊரில் எடுத்து 2004இல் வெளியான கணக்கெடுப்பில், திறந்த கோண கிளாக்கோமா (கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணம் மூடிக்கொள்ளாத வகை) இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அழுத்தம் 21க்குள்தான் இருந்தது. நேர்மாறாக 25 இருந்தும் நரம்பு பழுதாகாதவர்களும் உண்டு, அவர்களை நோயாளி என்று சொல்வதில்லை, கண்காணிப்பில் வைத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோய்க்கு அந்தப் பெயர் பொருந்துகிறது, சர்க்கரை அளவை வைத்தேதான் அந்த நோயை முடிவுசெய்கிறார்கள். இங்கே அழுத்தம் என்பது ஆபத்தைக் கூட்டும் காரணம், நம்மால் குறைக்க முடிந்த ஒரே காரணமும் அதுதான், ஆனால் நோய் இருக்குமிடம் நரம்பு.

இன்னொரு கூட்டமும் உண்டு: "பிரஷருக்குத்தான் தினம் மாத்திரை போடறேனே, அது போதாதா?" இரத்த அழுத்தம் வேறு, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் வேறு என்பதை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. பெயரே குழப்பத்தை உண்டாக்கிவிட்டு, விளக்கத்தை மருத்துவர் தலையில் கட்டுகிறது.

"கண்நீர் அழுத்த நோய்" கொஞ்சம் முன்னேற்றம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கண்ணீர் என்றுதான் காதில் விழும். "எனக்குக் கண்ணில் தண்ணியே வடியலையே" என்றுதான் பதில் வரும். இங்கே சொல்லும் நீர் கண்ணுக்குள்ளேயே ஊறுவது. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து சுரந்து, கண்பாவை வழியாக முன்பக்கம் வந்து, கருவிழி ஓரத்துக் கோணத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து இரத்தத்தில் கலந்துவிடும். அழுகைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அதனால் அந்த நீருக்கு "உள்விழி நீர்", அதன் அழுத்தத்துக்கு "உள்விழி அழுத்தம்" என்று வைக்கலாம். இந்த இரண்டிலும் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

கிரேக்க வேரைப் பிடித்து "பசுங்கண்" என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அழகான சொல்தான், கவிதையில் பயன்படுத்திக்கொள்ளலாம். பழைய கிரேக்கர்கள் அந்தப் பெயரை வைத்த காலத்தில் கண்புரையையும் இதையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. இந்தியில் "காலா மோதியா", அதாவது கறுப்புப் புரை என்று சொல்வதிலும் அதே வினை இருக்கிறது. புரை என்றால் ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும் என்று ஆள் எதிர்பார்ப்பார். கிளாக்கோமாவில் போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்தும் லேசரும் ஆபரேஷனும்.

சரி, நரம்பை வைத்துப் பெயரிடுவோம் என்றால் அங்கேயும் கண்ணிவெடிகள். "நரம்புத் தளர்ச்சி" என்ற பேச்சையே எடுக்காதீர்கள், பஸ் ஸ்டாண்டு சுவர் விளம்பரங்கள் அந்தச் சொல்லை ஒரேயடியாகக் கெடுத்து வைத்திருக்கின்றன. "நரம்பரிப்பு" என்றால் கண் அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் ஏதாவது சொட்டு மருந்து கேட்பார்கள். அங்கே ஸ்டீராய்டு கலந்த சொட்டு கிடைத்து, மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றி இந்த நோயைக் கொண்டுவந்துவிடும். "பார்வை நரம்புத் தேய்வு" எனக்கு முதலில் பிடித்திருந்தது, மூட்டுத் தேய்மானம் மாதிரி சட்டென்று புரியும். ஆனால் வேறு காரணங்களாலும், உதாரணமாகக் கள்ளச்சாராயத்து மெத்தனாலாலும், பார்வை நரம்பு கெடுகிறது, அவற்றையும் தேய்வு என்றுதானே சொல்ல வேண்டும்?

கிளாக்கோமாவின் கையெழுத்து என்று ஒன்று உண்டு. கண்ணின் பின்சுவரில் நரம்பு கிளம்பும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு சிறு பள்ளம் இருக்கும், நரம்பிழைகள் சாகச் சாக அந்தப் பள்ளம் அகலமாகிக்கொண்டே போகும். "கப் பெரிசா இருக்கு" என்று கண் மருத்துவர் முணுமுணுத்தால் அதுதான் பொருள். ஆகவே என் பரிந்துரை: பார்வை நரம்புக் குழிவு நோய், சுருக்கமாக நரம்புக்குழிவு. கலைச்சொல் பட்டியலிலும் பாடநூலிலும் இது இருக்கட்டும், பேச்சில் கிளாக்கோமா என்றே சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. "குளுக்கோமா" என்று மட்டும் எழுதாதீர்கள், குளுக்கோஸ் ஞாபகம் வந்து அது சர்க்கரைக் கணக்கில் போய்ச் சேர்கிறது.

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தில் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், திறந்த கோண வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாதவர்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை போகும்போது கறுப்பாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படித் தெரியாது. காணாமல்போன இடத்தை மூளையே இட்டு நிரப்பிவிடும், அதனால்தான் படியில் தடுக்கி விழுந்தவர் செருப்பைக் குறை சொல்கிறார். மூடிய கோண வகையில் திடீரென்று வருவது வேறு கதை, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், தாங்க முடியாத வலி, வாந்தி. அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டியது, பித்த வாந்தி என்று இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டு உட்காரக்கூடாது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இருந்தால் நாற்பது வயதில், முடிந்தால் அதற்கும் முன்பே, நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி லேசர். இந்த இழையில் ஒரு அம்மா கேட்டிருந்தது:

> என் மகன் லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். எனக்குக் கிளாக்கோமாவுக்கு லேசர் சொல்கிறார்கள். அதே லேசரா? பார்வை தெளியுமா?

அதே இல்லை அம்மா, தெளியவும் தெளியாது. உங்களுக்குச் சொன்னது இரண்டில் ஒன்றாக இருக்கும். கோணம் மூடியிருந்தால் பாவையைச் சுற்றியுள்ள வண்ணத்திரையில் ஒரு பொடித்துளை போட்டு நீருக்கு வேறு வழி விடுவார்கள். கோணம் திறந்திருந்தும் நீர் சரியாக வடியவில்லை என்றால் அந்தச் சல்லடைத் திசுவைத் தூண்டிவிடும் லேசர். இந்த இரண்டாவதை மருந்துக்கு முன்பே கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2019இல் வந்தது, மூன்று வருடம் கழித்தும் முக்கால்வாசிப் பேருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. அதற்காக விட்டது தொல்லை என்று இருந்துவிட முடியாது, வருடங்கள் போகப்போக வீரியம் குறையும், தொடர்ந்து போய்க் காட்ட வேண்டும்.

உங்கள் மகனுக்கு வைத்தது லாசிக். அது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலத்தை மெல்லியதாக்கி வளைவை மாற்றுகிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: படலம் மெலிந்துவிட்டால் அழுத்தமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்குக் கிளாக்கோமா வாய்ப்பும் அதிகம், லாசிக்குக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. அப்படியானால் யாருக்கு அளவு சரியாகத் தெரிய வேண்டுமோ அவருக்கே சீட்டில் பொய்யான "நார்மல்" விழுகிறது. அறுவைக்கு முன் எடுத்த படலத் தடிமன், அழுத்தம் இரண்டையும் எழுதிய காகிதத்தை அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருபது வருடம் கழித்துப் பார்க்கும் மருத்துவரிடம் லாசிக் செய்துகொண்டதை அவர் வாய்திறந்து சொல்லவும் வேண்டும், வெறுமனே பார்த்தால் சில சமயம் தெரியாது.

இடையில் ஒன்று. லாசிக்கில் பயன்படும் லேசர் திசுவைச் சுடாமல் சீவி எடுக்கும் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் மெட்ராஸில் பிறந்து மெட்ராஸ் பல்கலையில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ஐபிஎம் ஆய்வகத்தில், 1981இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் சோதித்துப் பார்த்தார்கள். வெட்டிய ஓரம் கருகவே இல்லை. அதனால் லாசிக்கை "எரித்தல்", "சுடுதல்" என்று எழுதுவது உண்மையிலேயே தவறு.

லேசர் சிகிச்சை என்று மொட்டையாக எழுதாமல், ஒளி என்ன வேலை செய்கிறதோ அதை வைத்துப் பிரிப்போம். லாசிக் - லேசர் செதுக்கல். மூடிய கோணத்துக்கு - லேசர் துளை. சல்லடைத் திசுவுக்கு - வடிகால் லேசர். புரை ஆபரேஷனுக்கு அப்புறம் லென்ஸ் உறை மங்கினால் செய்வது - உறைத்திறப்பு. சர்க்கரை நோயில் விழித்திரைக்கு வைப்பதைத்தான் உண்மையில் லேசர் சூடு எனலாம்.

வண்ணத்திரை என்று மேலே நான் எழுதியது ஐரிஸை. கருவிழி என்ற சொல்லைக் கண்தானத்தில் கண்ணாடிப் படலத்துக்கும், பேச்சில் ஐரிஸுக்கும் மாற்றிமாற்றிச் சொல்கிறோம், நானே மேலே ஒரு இடத்தில் அதைப் பொதுவாகத்தான் எழுதியிருக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் ஐரிஸுக்குக் கதிராளி என்று இருக்கிறது. அங்கே மருத்துவமனைப் பேச்சிலும் அது வழங்குகிறதா என்று யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் யாராவது சொன்னால், கதிராளியையே எடுத்துக்கொண்டு "கதிராளித் துளை" என்று திருத்திவிடலாம்.