சீனாவில் எட்டு நாள் குரூப் டூர்: மனைவியின் முட்டி தாங்குமா?

நடராஜா சர்வீஸ் கேட்கிறார்:

அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் குரூப் டூரில் சீனா போகிறோம். பெய்ஜிங், சியான், ஷாங்காய். அவளுக்கு வலது முட்டியில் தேய்மானம். சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பாள், படியைக் கண்டால் முகம் மாறிவிடும். இருவரும் சைவம், முட்டை பரவாயில்லை. பயணத் திட்டத்தில் தினமும் 'கைவினை மையம்' என்று ஒன்று வருகிறதே, அது என்ன? எதை விடலாம், எதை விடக்கூடாது?

வெந்நீர் மாமி:

நானும் என் வீட்டுக்காரரும் இதே மூன்று ஊருக்கும் குரூப்பில்தான் போனோம். அவருக்கு 68, எனக்கு 63. முட்டி வலி எனக்கும் உண்டு.

'கைவினை மையம்' என்றால் கடை. எங்களுக்கு எட்டு நாளில் ஐந்து கடை. பட்டு, பச்சைக்கல் (ஜேடு), முத்து, தேயிலை, அப்புறம் ஒரு மூலிகை வைத்தியசாலை. பட்டுக்கடை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. நனைந்த பட்டுக்கூட்டைப் பிரித்து, வளைவான ஒரு சட்டத்தின்மேல் இழுத்து மாட்டுகிறார்கள். அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. காய்ந்ததும் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து இழுத்தால் கட்டில் அகலத்துக்குச் சிலந்தி வலை மாதிரி விரிகிறது. என்னையும் ஒரு மூலை பிடிக்கச் சொன்னார்கள். மூச்சு விட்டாலே பறக்கும் போல இருந்தது, பலம்கொண்ட மட்டும் இழுத்தும் கிழியவில்லை. இப்படி அடுக்கடுக்காகப் போட்டுத்தான் ரஜாய் செய்கிறார்கள். வாங்கவில்லை, பெட்டியில் இடமில்லை.

வைத்தியசாலைதான் வேடிக்கை. வெள்ளைக் கோட்டுப் பெரியவர் நாடி பிடித்துப் பார்த்து இவருக்குக் கல்லீரலில் சூடு என்றார். எனக்கும் அதே சூடு. பஸ்ஸில் விசாரித்தால் பாதிப் பேருக்கு அதேதான். ஒரு மாத மருந்து 800 யுவான். இவர் பர்ஸைத் திறக்கப் போனார், நான் காலை மிதித்தேன்.

முட்டி விஷயத்துக்கு வருகிறேன். பெருஞ்சுவரில் முத்தியான்யூ பகுதிக்குக் கூட்டிப்போகிறார்களா, பாதாலிங் பகுதிக்கா என்று முன்னாலேயே கேளுங்கள். இரண்டிலும் கேபிள் கார் உண்டு. பாதாலிங்கில் கூட்டம் நெரியும் என்பார்கள். நாங்கள் போனது முத்தியான்யூ. கேபிள் கார் 14ஆவது காவல் கோபுரத்தில் இறக்கிவிடும். 20ஆவதை நோக்கிப் போனால் செங்குத்தான ஏற்றம். 6ஆவதை நோக்கிப் போனால் பெரும்பாலும் இறக்கம், அங்கிருந்து சறுக்குவண்டியில் கீழே வரலாம். இறக்கம்தானே என்று ஏமாறாதீர்கள், முட்டிக்கு எமனே இறக்கம்தான். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முட்டி உயரம். நாங்கள் 14ஐச் சுற்றியே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, ஏறின கேபிள் காரிலேயே இறங்கினோம். ஒரு குறையும் தெரியவில்லை.

விலக்கப்பட்ட நகரம் (பெய்ஜிங்கில் பேரரசர்களின் பழைய அரண்மனை) வேறு மாதிரி. அங்கே நீளம்தான் படுத்தும். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியே வருவதற்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அதுவும் நேர்கோட்டில் போனால்! அதற்கு முன்னால் தியானன்மென் சதுக்கம், பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாம் தனி. திங்கட்கிழமை மூடியிருக்கும் (பொது விடுமுறை வந்தால் மட்டும் திறப்பார்கள்). பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும்.

இவர் தொலைந்து போனதும் அங்கேதான். முற்றத்தில் பெரிய பெரிய அண்டாக்கள் இருக்கின்றன. மர அரண்மனை அல்லவா, தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைப்பார்களாம். குளிர்காலத்தில் உறையாமல் இருக்க அடியில் நெருப்பு மூட்டுவார்களாம். சில அண்டாக்களில் தங்க முலாம் சுரண்டப்பட்டுக் கோடு கோடாக இருக்கிறது. 1900இல் நுழைந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் கத்தியால் சுரண்டியது என்றார் கைடு. அந்தக் கோடுகளை இவர் விரலால் தடவிக்கொண்டே நின்றுவிட்டார். கைடு பிடித்த மஞ்சள் கொடி போய்விட்டது, அதன் பின்னால் நானும் போய்விட்டேன். நல்லவேளை, "தொலைந்தால் தேடாதீர்கள், வடக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள்" என்று கைடு காலையிலேயே சொல்லியிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, கையில் ஐஸ்கிரீமோடு வந்தார் மனுஷர். எனக்கும் ஒன்று வாங்கினாராம், வழியில் உருகிவிட்டதாம்.

சாப்பாடு: சுழலும் கண்ணாடி வைத்த வட்ட மேசை, பத்துப் பேருக்கு ஒன்று. உங்களுக்குத் தக்காளி முட்டை வரும், மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கு வரும், கத்தரிக்காய் வரும். மறுநாளும் அதேதான். காரமான மாப்போ டோஃபுவை (டோஃபு என்றால் சோயா பன்னீர்) பார்த்துக் கை நீட்டிவிடாதீர்கள், அதில் கொத்துக்கறி இருக்கும். "இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம்" என்று கைடிடம் சீனத்தில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீருக்குக் கவலையே இல்லை, ரயிலில்கூடக் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். ஃபிளாஸ்க் போதும். என் பெயர் அப்படி வந்ததுதான்.

ஜன்னலோரம்:

மாமி சியானை அப்படியே தாண்டிவிட்டார். சுடுமண் வீரர்களை (பழங்காலப் பேரரசர் ஒருவரின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சிலைகள்) விடவே கூடாது. 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ணில் பட்டவை அவை. முதல் குழியில் எல்லோரும் முன்வாசல் கம்பியிலேயே முட்டி மோதுவார்கள். பக்கவாட்டு நடைபாதையில் பின்பக்கம் போய்விடுங்கள். உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் பாதி நிமிர்ந்து நிற்கும் வீரர்களை அங்கே பார்க்கலாம், தலையில்லாதவர்களும் உண்டு. எனக்கு முன்வரிசையைவிட அதுதான் பிடித்தது. நடை அதிகம், பேட்டரி வண்டி இருந்தால் தயங்காமல் ஏறுங்கள்.

இன்னொன்று. உள்நாட்டு விமானம் இருந்தால் பவர் பேங்கைப் பாருங்கள். 2025 ஜூன் 28 முதல், சீனாவின் சிசிசி (CCC) தரச்சான்று முத்திரை இல்லாததை ஏற்ற விடுவதில்லை. அங்கே ஃபோனில் பணம் கட்டும் செயலியான அலிபேயில் உங்கள் அட்டையை ஊரிலேயே இணைத்துவிடுங்கள்.

நடராஜா சர்வீஸ்:

மாமி, ஜன்னலோரம், இருவருக்கும் நன்றி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அண்டா கதைக்கு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கடைகளுக்கு வரமாட்டாளாம், பஸ்ஸிலேயே உட்கார்ந்து தூங்கப் போகிறாளாம்.

வெந்நீர் மாமி:

எங்கள் டிரைவர் பஸ்ஸைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார், நானும் அந்தத் திட்டத்தோடுதான் போனேன். தேயிலைக் கடையில் நாற்காலி நன்றாக இருக்கும், அங்கே தூங்கச் சொல்லுங்கள்.