டெபியன் போடும்போது வைஃபை கார்டையே காட்டவில்லை, என்ன செய்யலாம்?

திருக்கோவில்காரி:
வணக்கம். கட்டாரில் இருக்கும் சித்தப்பா தான் பாவித்த லெப்டொப்பைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். அவன் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறான்; லினக்ஸில்தான் பைதன் பழகுவேன் என்று நிற்கிறான். கம்பஸ் நாட்களில் தோழி தந்த பென் டிரைவில் டெபியன் 10 (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் ஒரு வகை) இருந்தது. அதையே போட்டேன்.

மொழி, கீபோர்ட் எல்லாம் சரியாகப் போனது. நெட்வொர்க் தேடும் இடத்தில் நின்றுவிட்டது. கார்ட் எதுவும் இல்லையாம். டிரைவர்களின், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள்களின், நீளமான பட்டியல் ஒன்றைக் காட்டித் தெரிவு செய்யச் சொல்கிறது. பத்துப் பன்னிரண்டைத் தெரிவு செய்து பார்த்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை. மெல்லிய லெப்டொப், நெட்வொர்க் கேபிள் செருக இடமே இல்லை. அதே மேசையில் என் போன் வைஃபையில் நன்றாக ஓடுகிறது.

ஃபேம்வெயர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருள்) இல்லாததுதான் காரணம் என்று வாசித்து, அதை இறக்கி இன்னொரு பென் டிரைவில் வைத்தும் பார்த்தேன். இரண்டு இரவு போய்விட்டது. தம்பி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறான். கார்ட் பழுது என்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. உண்மையில் பழுதா?

சாய்ந்தமருது நானா:
தங்கச்சி, அவசரப்பட்டுப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பட்டியலில் குருட்டுவாக்கில் தெரிவு செய்வதையும் விடுங்கள். கார்டின் எண்ணைப் பாருங்கள். அந்தத் திரையில் நிற்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் எல்எஸ்பிசிஐ என்று சின்ன எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் கே, என், என் மூன்றும் போடுங்கள். நெட்வொர்க் கொன்ட்ரோலர் வரியின் முடிவில் நடுவே முக்காற்புள்ளி வைத்து இரண்டு எண் இருக்கும். முன்னது கம்பனி, பின்னது மொடல். அதற்குக் கீழே டிரைவர் பெயர் வருகிறதா என்றும் சொல்லுங்கள்.

திருக்கோவில்காரி:
நானா, 8086:2723. கீழே டிரைவர் வரி இல்லை.

வந்தாறுமூலை:
அக்கா, 8086 இன்டெல். 2723 அவர்களுடைய ஏஎக்ஸ்200, வைஃபை 6 கார்ட். எண்ணைச் சொல்கிறது என்றால் கார்டுக்கு உயிர் இருக்கிறது. உங்கள் டெபியன்தான் பழசு. 10இல் இருப்பது லினக்ஸின் கருவான கேர்னல் 4.19, இந்தக் கார்டை லினக்ஸ் 5.1 தொடக்கம்தான் அறியும். நீங்கள் இரண்டு இரவு பட்ட பாட்டுக்கும் அதுதான் காரணம். ஃபேம்வெயரை எடுத்துக் கார்டுக்குள் ஏற்றுவது டிரைவர். அந்த டிரைவருக்கு இந்த எண்ணே தெரியாதபோது, கோப்பை எத்தனை பென் டிரைவில் வைத்தாலும் அதை யாரும் திறக்கப்போவதில்லை. டிரைவர் வரி இருந்தும் வைஃபை வராவிட்டால்தான் முதலில் ஃபேம்வெயரைச் சந்தேகிக்க வேண்டும்.

11க்கும் போகாதீர்கள். அதில் கேர்னல் 5.10, டிரைவர் உண்டு, ஆனால் வழக்கமான இன்ஸ்டோலரில் ஃபேம்வெயர் இருக்காது. 2023 ஜூனில் வந்த 12 தொடக்கம் அதுவும் உள்ளேயே வருகிறது. நெட்இன்ஸ்ட் எனும் சின்ன இன்ஸ்டோலர் ஒரு ஜிபிக்கும் குறைவு, இரவு டேட்டாவில் இறக்கிவிடலாம். அப்படியும் வராவிட்டால் அன்ட்ரொய்ட் போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிர்வதை) போட்டுவிட்டு, திரும்பத் தேடவிடுங்கள். போனையே நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும்.

சாய்ந்தமருது நானா:
வந்தாறுமூலைத் தம்பி சொன்னது சரி. இன்னொன்று, சில இன்டெல் லெப்டொப்பில் டிஸ்க்கும் தெரியாது. அதற்கு பயோஸில், அதாவது லெப்டொப்பின் ஆரம்ப அமைப்புத் திரையில், டிஸ்க் முறையை ஆர்எஸ்டியிலிருந்து ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். உள்ளே விண்டோஸ் வைத்திருக்க வேண்டுமானால் அதை மாற்றுமுன் இங்கே கேளுங்கள், விண்டோஸ் எழும்பாமல் போகலாம்.

திருக்கோவில்காரி:
டிஸ்க் சிக்கல் வரவில்லை நானா, விண்டோஸும் தேவையில்லை. நேற்று இரவு பன்னிரண்டுக்குப் பிறகு 12ஐ இறக்கினேன். நெட்வொர்க் தேடும் இடத்தில் எங்கள் வைஃபை பெயரும் பக்கத்து வீட்டுப் பெயரும் வந்தன. கடவுச்சொல்லைத் தம்பியே அடித்தான். எல்லாம் முடிந்ததும் அதே கட்டளையை அடித்துப் பார்த்தோம். 8086:2723க்குக் கீழே ஐடபிள்யூஎல்வைஃபை என்று டிரைவர் பெயர் நிற்கிறது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்தப் பழைய பென் டிரைவை இப்போதுதான் அழித்தேன்.