ராணுவத்தில் ‘ஹோல்டிங் கம்பெனி’ என்று ஒரு படைப்பிரிவு உண்டு. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதற்குச் சிலர் சொற்கள் சொன்னார்கள். அவர்களில் தருமபுரி ஐயா முன்வைத்த ‘இடைத்தங்கல் முகாம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கைப் போரில் வீடிழந்தவர்கள் தங்கிய முகாம்களுக்கு அதை எழுதி எழுதி, அந்தப் பொருளே அதில் ஊறிப்போய்விட்டது. தவிர, முகாம் என்றால் இடம். நாம் பெயர் தேடுவது ஒரு படைப்பிரிவுக்கு.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் லீவு முடிந்து லடாக் திரும்பும்போது சண்டிகரில் விமானத்துக்குக் காத்திருப்பார்கள். அது டிரான்சிட் கேம்ப். படுக்கை, சாப்பாடு, அடுத்த வண்டி, அவ்வளவுதான். அவர்கள் பெயர் சொந்த யூனிட் கணக்கிலேயே இருக்கும். ஹோல்டிங் கம்பெனி வேறு. பயிற்சி முடித்தும் போஸ்டிங் வராதவர், மருத்துவமனையிலிருந்து வந்து பழைய யூனிட்டுக்குத் திரும்ப முடியாதவர், இப்படிப்பட்டவர்களைத் தன் பட்டியலில் ஏற்றிக்கொள்வது அதன் வேலை. ராணுவத்தில் யார் கணக்கிலும் சேராத ஆள் என்று ஒருவர் இருக்கக் கூடாது. சம்பளம், விடுப்பு, தண்டனை எல்லாவற்றுக்கும் ஓர் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

‘பணியிடைப் பிரிவு’ என்றால் பணியிடை நீக்கம்தான் நினைவுக்கு வரும். ‘காத்திருப்போர் பிரிவு’ம் அப்படியே. ஓர் அதிகாரி காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார் என்று பேப்பரில் வந்தாலே, என்ன தப்பு செய்தாரோ என்று டீக்கடையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

‘ஆள் கிடங்கு’ வேண்டவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் இதே வகை நிலையங்களுக்கு ‘ரீப்ளேஸ்மென்ட் டெப்போ’ (மாற்றாள் கிடங்கு) என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து வீரர்களைத் தனித்தனியாகப் பிரித்து, முன்பின் தெரியாத யூனிட்டுகளுக்கு அனுப்பினார்கள். உதிரி பாகம் போல நடத்துகிறார்களே என்ற மனக்குறை வளர்ந்து, 1944 கடைசியில் ஐரோப்பியக் களத்தில் ‘ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’ (வலுவூட்டல்) என்று பெயரை மாற்றினார்கள். வீரர்களுக்கு அது கடைசிவரை ‘ரெப்பிள் டெப்பிள்’தான்!

பெங்களூரு கன்டோன்மென்ட்டைக் குறிக்கும் ‘தண்டு’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது முழுப் படைக்கும் அதன் பாளையத்துக்கும் உரியது. இங்கே ஒட்டாது.

என் பரிந்துரை ‘இடைப்பொறுப்புப் பிரிவு’. கம்பெனி அளவில் இருந்தால் ‘இடைப்பொறுப்புக் கம்பெனி’. கம்பெனியை நம் ஜவான்களே கம்பெனி என்றுதான் சொல்கிறார்கள், அதைத் தொட வேண்டாம். பொறுப்பு ஆட்சியர் என்பது போலத் தொனிக்கிறதே என்று கேட்கலாம். அங்கே பதவியைப் பார்த்துக்கொள்கிறார், இங்கே ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ‘இடை’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். டிரான்சிட் கேம்ப்புக்கு ‘வழித்தங்கல்’ போதும்.

சரி, பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் நுழையாவிட்டால் வேறு பார்ப்போம்.