கேஸ் கீசர் ஆறு நிமிஷத்தில் அணையுது, அடியில் தண்ணி சொட்டுது

ஈரோட்டுக்காரன்:
6 லிட்டர் எல்பிஜி கீசர், நாலு வருஷம் ஆச்சு. குளியலறைக்குள்ளேயே மாட்டியிருக்கு. போர் தண்ணி, மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வருது. பத்தவச்ச ஆறேழு நிமிஷத்தில் தானா அணைஞ்சுடுது. கதவைத் திறந்துவச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுக் குழாயைத் திறந்தா மறுபடியும் எரியுது. அடியில் சொட்டுச் சொட்டாத் தண்ணி. காலையில் உள்ளே போனா லேசா கேஸ் வாடை. பார்த்த பிளம்பர் "சென்சார் போயிடுச்சு, அதை விட்டுட்டு வயரை டைரக்ட் பண்ணிடலாம்"னு சொல்றார். செய்யலாமா?

சுடுநீர்_சர்வீஸ்:
டைரக்ட் பண்ண விடாதீங்க. சென்சார் போகலை, அது வேலை செய்யுது. அதுக்குக் கீழே வர்றேன், முதல்ல வாடை.

இனி அந்த வாடை வந்தா ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க. லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோரமாத் தங்கும். அதனால கதவடி இடுக்கு வழியாவும் வெளியே போகணும். வாடை பலமா இருந்தா எல்பிஜி கசிவு உதவி எண் 1906-க்குக் கூப்பிடுங்க.

காற்றோட்டம் வந்து வாடை போன பிறகு சோப்புத் தண்ணி சோதனை. கீசரைப் பத்தவைக்காம, ரெகுலேட்டரை மட்டும் திறந்துவச்சு, ரெகுலேட்டர் முனை, ஹோஸ் முழு நீளம், கீசர் நாசில் (ஹோஸ் மாட்டுற முனை), கிளாம்ப் எல்லாத்திலும் பிரஷ்ஷால் தடவுங்க. குமிழி வளர்ந்தா அங்கேதான் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கிற வேலை கூடவே கூடாது. ஹோஸ் கம்பி வலை வச்ச ஆரஞ்சு சுரக்ஷா டியூபா இருக்கணும். மேலே அச்சடிச்ச தேதியிலிருந்து 5 வருஷம் தாண்டியிருந்தா மாத்துங்க. முனை வெடிச்சிருந்தா தேதி பார்க்க வேண்டியதில்லை. வெளியே எங்கேயும் குமிழி இல்லாம கீசர் உள்ளேயிருந்து வாடை வந்தா, அது கேஸ் வால்வு சரியா மூடாதது. அதைக் கழட்டாதீங்க, கம்பெனி சர்வீஸ் ஆள்தான் பார்க்கணும். அதுவரைக்கும் ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும்.

அணைவதற்கு வருவோம். ஒரு கிலோ எல்பிஜி முழுசா எரிய ஏறக்குறைய 12 கனமீட்டர் காற்று வேணும். 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் மணிக்கு 0.9 கிலோ அளவில் எரிக்கும். ஆறு நிமிஷத்துக்கு 1 கனமீட்டருக்கு மேல காற்று போயிடும். ஐந்துக்கு ஏழு அடி குளியலறை, எட்டடி உயரம்னா மொத்தமே 8 கனமீட்டர்தான். கதவு மூடியிருந்தா 21 சதவீத ஆக்சிஜன் 18-ஐ நெருங்கும், சென்சார் அணைச்சுடும். கதவைத் திறந்ததும் எரியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுதான் ஆதாரம். அதை டைரக்ட் பண்ணினா அடுத்து வர்றது கார்பன் மோனாக்சைடு. எல்பிஜிக்கு வாடை சேர்த்திருக்காங்க, இதுக்கு வாடையே கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு வந்து சுதாரிக்கிறதுக்குள்ள கால் துவண்டுடும்.

டயாஃப்ரம்:
மேலே சொன்னது சரி. அணையற நேரத்தை வச்சே பாதியைக் கண்டுபிடிச்சுடலாம்.

டிக் டிக் சத்தமே இல்லையா? பேட்டரி, இல்லைன்னா தண்ணி வேகம் போதலை. பெரிய டார்ச் செல் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையா மாத்தணும். சத்தம் வந்தும் தீ பிடிக்கலைன்னா கேஸ் வரலை. புது சிலிண்டர் மாட்டினா ஹோஸில் இருக்கிற காற்று போக இரண்டு மூணு தடவை திறந்து மூடணும். பிடிச்சு மூணு நாலு செகண்டில் அணைஞ்சா தீயை உணரும் ஊசியில் கரி. நைஸான உப்புத்தாளால் துடைச்சு, முனை தீக்குள்ளே நிக்குதான்னு பாருங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்தில், தண்ணி கொதிக்கக் கொதிக்க வந்து அணைஞ்சா அதிசூடு கட்-ஆஃப். காரணம் பெரும்பாலும் தண்ணி குறைவு. பத்து லிட்டர் பக்கெட் ரெண்டு நிமிஷத்துக்குள்ள நிறையணும். நிறையலைன்னா நுழைவாய் வலையைக் கழட்டிக் கழுவுங்க. சரியா 20 நிமிஷத்தில் அணைஞ்சா பல மாடல்களில் அது டைமர், கோளாறே இல்லை.

இதுக்கெல்லாம் தலைகீழா ஒண்ணு இருக்கு: குழாயை மூடியும் தீ எரிஞ்சா உடனே ரெகுலேட்டரை மூடுங்க. தண்ணி அழுத்தத்தில் நகர்ற கம்பியான ஸ்பிண்டில், அல்லது அது தட்டுற மைக்ரோ ஸ்விட்ச் சிக்கியிருக்கு.

இப்ப உங்க சொட்டு. எல்லாத்தையும் துணியால் உலரத் துடைச்சுட்டு எங்கே முதல்ல ஈரமாகுதுன்னு பாருங்க. குழாய் சேர்ற நட்டுன்னா அரை இஞ்ச் வாஷர். கீழே இருக்கிற வடிகால் திருகுன்னா ஓ-ரிங். தண்ணிப் பகுதியும் கேஸ் பகுதியும் சேர்ற இடத்து சின்ன ஓட்டைன்னா டயாஃப்ரம் (ஸ்பிண்டிலைத் தள்ளுற ரப்பர் தகடு) அல்லது ஸ்பிண்டில் சீல். விலை குறைவுதான், ஆனா தள்ளிப்போடாதீங்க. அங்கே துருப்பிடிச்சுத்தான் ஸ்பிண்டில் சிக்கும். பர்னர் மேலே சொட்டி தீ மஞ்சளா ஆடினா, தண்ணி சூடாகிற குழாய்ச் சுருளான காயிலில் ஊசித்துளை. பத்த வச்ச முதல் நிமிஷம் மட்டும் சொட்டி நின்னுட்டா குளிர்ந்த காயிலில் ஈரம் படிஞ்சது, விட்டுடுங்க.

போர் தண்ணிக்கு உப்பு படியும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, கேஸை மூடி, காயிலில் நிரப்பி அரை மணி நேரம் விட்டு நல்லாக் கழுவணும். டாய்லெட் ஆசிட் ஊத்தினா செம்பையும் பித்தளையையும் தின்னுடும்.

ஈரோட்டுக்காரன்:
நன்றிங்க. குமிழி நாசில் கிளாம்ப்பில் வந்துச்சு, ரெகுலேட்டரை மூடிட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா குளியலறையிலேயே வச்சுக்கலாமா?

சுடுநீர்_சர்வீஸ்:
போதாது. கதவு மூடியிருக்கும்போது ஃபேன் உறிஞ்சினா, புகையும் மேலே போகாம அறைக்குள்ளேயே திரும்பும். பால்கனி அல்லது யுடிலிட்டிக்கு மாத்துங்க, மழையும் நேர் காற்றும் படாத சுவரா இருக்கட்டும். சுடுதண்ணி லைனை சிபிவிசியில் இழுங்க, சாதா பிவிசி சூட்டில் வளைஞ்சுடும். தூரம் கூடினா முதல்ல அரை பக்கெட் பச்சைத்தண்ணி வரும், அவ்வளவுதான். ஹோஸ் ஒன்றரை மீட்டருக்கு மேலே வராதபடி சிலிண்டரையும் பக்கத்திலேயே நிமிர்த்தி வைங்க. அந்தக் கிளாம்ப்பைத் திரும்ப முறுக்க வேண்டாம், ஹோஸோட சேர்த்துப் புதுசு போட்டு, சோப்புத் தண்ணி இன்னொரு தடவை.