பாங்காவ் பாட்டில் பாம்பு சொல்லும் பதில்

ஈப்போக்காரி:
எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் மூன்று வாரமாக ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நிர்வாகக் குழு கான்ட்ராக்டரைக் கைகாட்டியது. அவர் சாமான் வரவில்லை என்றார். சாமான் வராததற்குக் காரணம், நாங்கள் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பதாம். அப்போது பின்வரிசையில் இருந்த மாக்சிக் (மலாய் அத்தை) ஒருவர் மெதுவாக, "பாங்காவ் ஓ பாங்காவ், கெனாப்பா எங்காவ் கூருஸ்" என்று பாடினார். கூடமே சிரித்தது. தலைவர் முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

சின்ன வயதில் எல்லாரும் பாடிய மலாய்ப் பாட்டுதான். கொக்கே, ஏன் மெலிந்தாய்? மீன் மேலே வரவில்லை. மீன் நீண்ட புல்லைச் சொல்லும், புல் தன்னை மேயாத எருமையைச் சொல்லும். எருமைக்கு வயிற்றுவலி, வயிறு வேகாத சோற்றைச் சொல்லும். சோறு ஈர விறகை, விறகு மழையை, மழை தன்னைக் கூப்பிட்ட தவளையை, தவளை தன்னை விழுங்க வரும் பாம்பை. பாம்பு மட்டும், "மெமாங் மாக்கானான் ஆக்கூ", அது என் சாப்பாடுதானே, என்று முடித்துவிடும்.

பழியைத் தள்ளுகிறவர்களைக் குத்தும் பாட்டு, சரி. அந்தப் பாம்புதான் உறுத்துகிறது. ஒப்புக்கொள்கிறதா, திமிரா?

தைப்பிங் மழை:
திமிர்தான் அக்கா. 'மெமாங்' என்றால் அது அப்படித்தான், அதற்கு மேல் பேச்சில்லை. தவளையை விழுங்குவது என் பிறவி உரிமை என்கிறது.

பழைய வாத்தியார்:
தங்கச்சி, மலாயில் இதைச் 'சிண்டிரான்' என்பார்கள். ஆளின் பேரைச் சொல்லாமல், சுட வேண்டியவருக்குச் சுடும்படி சொல்வது. பந்துன் என்ற நாலடி மலாய்ப் பாட்டிலும் முதல் இரண்டு அடி பெம்பாயாங், அதாவது முன்குறிப்பு; மரம், பறவை, ஆறு என்று போகும். சொல்ல வந்தது பின் இரண்டு அடியில் இருக்கும். அந்தப் பழக்கம் உள்ள காது கடைசி வரிக்குக் காத்திருக்கும். நான் பாம்பின் பக்கம். பத்துப் பேரில் அது ஒன்றுதான் அடுத்தவரைக் கைகாட்டவில்லை.

கிள்ளான் ஆற்றங்கரை:
எங்கள் வீட்டு வரிசையில் இருந்த தெலுங்குப் பாட்டி ஏழு மீன் கதை சொல்வார். மீன் ஏன் காயவில்லை என்று தொடங்கி எறும்பில் போய் நிற்கும். "என் தங்கப் புற்றில் விரலை விட்டால் கடிக்க மாட்டேனா?" என்று கேட்கும் எறும்பு. அது தன் வீட்டைக் காக்கிறது. பாம்பு அப்படி இல்லையே ஐயா. நல்லவேளை, இரண்டையும் கேட்டு வளர்ந்தேன்.

ஈப்போக்காரி:
நேற்று படிக்கட்டில் மாக்சிக்கைப் பார்த்தேன், மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். பாம்பைப் பற்றிக் கேட்டேன். "அந்தக் கூட்டத்தில் பாட்டு பாம்பு வரைக்கும் போகவே இல்லையே, மகளே" என்றார். அடுத்த கூட்டத்துக்குக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி இருவரும் சேர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.