அமேடியஸ் குவார்ட்டெட்டைக் கேட்ட அனுபவங்கள்

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவான அமேடியஸ் குவார்ட்டெட்டை மேடையில் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். 1980களின் தொடக்கத்தில் லண்டனில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. அன்று வாசித்தவற்றுள் இசையமைப்பாளர் ஹைடன் அந்த நான்கு கருவிகளுக்கு எழுதிய 'எம்பரர்' குவார்ட்டெட் என்ற படைப்பின் இரண்டாம் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1797இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசருக்காக ஹைடன் அமைத்த மெட்டுதான் அந்தப் பகுதியின் கரு. மெட்டைச் சிறிதும் மாற்றாமல் சுற்றுக்கு ஒரு கருவியிடம் ஒப்படைத்து, உடன் வரும் கருவிகளின் இழைப்பை மட்டும் அவர் மாற்றிக்கொண்டே போகிறார். முதல் வயலின் நார்பர்ட் பிரைனின் மெட்டை எடுத்துக் கொடுத்தார். அதையடுத்த முதல் சுற்றில் இரண்டாம் வயலின் சீக்மண்ட் நிசெல் ஆரவாரமே இல்லாமல் அதை ஏந்திக்கொள்ள, பிரைனினின் வில் பொடிச் சுரங்களாக அதைச் சுற்றி ஓடியது. பிறகு மார்ட்டின் லவெட்டின் செல்லோ பாடியது. மூன்றாம் சுற்றில் மெட்டு பீட்டர் ஷிட்லோஃபின் வியோலாவுக்கு, வயலினைவிடச் சற்றுப் பெரிதான, தாழ்ந்த குரலுடைய அந்தக் கருவிக்கு, வந்தபோது, அதுவரை மற்றவர்களின் நாதத்துக்குள்ளேயே கலந்திருந்த அந்தக் குரல் முன்னே வந்து நின்றது. கனமும் கனிவும் ஒருசேர அமைந்த அத்தகைய வியோலாவை அதன் பிறகு நான் கேட்டதில்லை. அவர் வயலின் பயின்று, இந்தக் குழுவில் வியோலாவுக்கு மாறியவர்.

அதே மெட்டு பின்னாளில் ஜெர்மனியின் தேசிய கீதமானது. நாஜி ஆட்சியிலும் அதுவே கீதம். பிரைனின், நிசெல், ஷிட்லோஃப் ஆகிய மூவரும் யூதர்கள். 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்டபின் பதின்பருவத்தில் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர்கள். அடைக்கலம் தந்த நாடே 1940இல் அவர்களை 'எதிரி நாட்டவர்' என்று முகாம்களில் அடைத்தது. ஷிட்லோஃபும் பிரைனினும் பழகியது அப்படியொரு முகாமில்தான். ஷிட்லோஃப் நிசெலைச் சந்தித்தது ஐல் ஆஃப் மேன் தீவின் முகாமில். வெளியே வந்தபின், தாமும் அகதியாக வந்திருந்த வயலின் ஆசான் மாக்ஸ் ரோஸ்டல் அவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார். லண்டனில் பிறந்த லவெட் சேர்ந்ததும் நால்வரானார்கள். இதையெல்லாம் அறிந்துகொண்டுதான் அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த மெட்டை அது பிறந்த இடத்துக்கே, ஹைடனிடமே, அவர்கள் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது.

மறுமொழி:

ஐயா, உங்களுக்குக் கிடைத்த பேறு எங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அவர்கள் ஒலிப்பதிவுகளின் வழியாகவே அறிமுகம். ஆனாலும் லண்டனின் விக்மோர் ஹால் அரங்கத்துக்குச் சென்றபோது ஒன்று மனத்தில் பட்டது. 1948 ஜனவரி 10ஆம் நாள் 'அமேடியஸ்' என்ற பெயரில் அவர்கள் முதன்முதலாக வாசித்த அரங்கம் அதுதான். பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ நிறுவனம் கட்டி 1901இல் திறந்த அந்த அரங்கம், முதல் உலகப் போரின்போது எதிரிச் சொத்து என்று பறிமுதலாகி, கைமாறி, பெயர் மாறியது. எதிரி என்று முத்திரை குத்தப்பட்ட கட்டடத்தில் அதே முத்திரையைச் சுமந்த மூவர் தங்கள் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் மூன்றாம் குவார்ட்டெட்டை இவர்களுக்காகவே எழுதினார். 1976 டிசம்பர் 4ஆம் நாள் அவர் மறைந்தார். இரண்டு வாரம் கழித்து இங்கிலாந்தின் ஸ்நேப் மால்டிங்ஸ் அரங்கில் இவர்கள் அதை அரங்கேற்றினார்கள். நால்வரும் அதன்பின் பதினோராவது ஆண்டு வரை ஒன்றாக வாசித்தார்கள். 1987 ஆகஸ்டில் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் வேறொரு வியோலாக் கலைஞரைத் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒருவர்கூட மாறாத குழு அது. இதை வெறும் விசுவாசம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீங்கள் விவரித்த அந்த மூன்றாம் சுற்றைப் பதிவில் கேட்கும்போது, அவர்களுக்கு வேறு வழியே இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

மோட்சார்ட்டின் குவின்டெட்டுகளில், அதாவது ஐந்து கருவிகளுக்கான படைப்புகளில், இரண்டாம் வியோலாவாகச் செசில் அரோனோவிட்ஸ் சேர்ந்து வாசித்த பதிவுகளையும் கேட்டுப் பாருங்கள், ஐயா. ஜெர்மனியின் கொலோன் இசைக்கல்லூரியில் இவர்கள் நடத்திய வகுப்புகளில் அமர்ந்தவர்கள் எவரேனும் இங்கே இருந்தால், மெட்டைக் கைமாற்றும் அந்த வித்தையை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதுமாறு வேண்டுகிறேன்.